ஸ்கேன் 'நார்மல்' என்றால் வலி பொய்யாகி விடுமா?



'மாதவிலக்கு வலி பற்றியெல்லாம் பேப்பரில் எழுதணுமா?' என்று முகம் சுளிப்பவர்கள் இதை விட்டுவிட்டுச் சமையல் குறிப்புப் பக்கம் போய்விடலாம். மாதத்தில் மூன்று நாள் அடுப்படியில் சுருண்டு படுத்துவிட்டு, நாலாம் நாள் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து வாசல் தெளிக்கிறார்களே, அந்த சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கீரமங்கலம் பூவுக்குப் பேர் போன ஊர். விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கி முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று பறிப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். தூரமான நாளில் சாமிக்குப் போகிற பூவில் கை வைக்கக்கூடாது என்று சில வீடுகளில் ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் மட்டும், 'பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும், எந்திரி' என்பார்கள். தீட்டுக்கு ஒதுக்கம் உண்டு, வலிக்கு ஓய்வு கிடையாது! இது என்ன நியாயம்?

மாதவிலக்கில் லேசான வலி பெரும்பாலோருக்கு வரக்கூடியதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் வெந்தயத்தை மோரில் விழுங்கியும் அடங்காத வலி, மாத்திரை போட்டும் நிற்காத வலி, பள்ளிக்கூடத்தையும் வேலையையும் நிறுத்துகிற வலி சாதாரணம் அல்ல. அதற்கு ஒரு பெயர் இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் என்பது அந்தப் பெயர். வாயில் நுழையக் கஷ்டமாக இருந்தாலும் இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் நம் வாயில் நுழையவில்லையா?

கருப்பையின் உட்புறத்தில் மெத்தை மாதிரி ஒரு படலம் இருக்கிறது. மாதாமாதம் அதுதான் உதிர்ந்து ரத்தமாக வெளியேறுகிறது. அதே மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும், மலக்குடலின் மேலும், சிறுநீர்ப்பையிலும், கருப்பையைப் பின்பக்கம் பிடித்து நிறுத்தும் நாண்களிலும் முளைத்துவிட்டால் அதுதான் இந்த நோய். அதுவும் மாதவிலக்குக்கு ஏற்ப வீங்கும், கசியும். ஆனால் வெளியேற வழி கிடையாது. உள்ளேயே புண்ணாகி, தழும்பாகி, ஒன்றோடு ஒன்றை ஒட்ட வைத்துவிடும். சினைப்பையில் தேங்கிய பழைய ரத்தம் சாக்லேட் நிறக் கூழாகிவிடும் என்பதால் அதைச் 'சாக்லேட் கட்டி' என்கிறார்கள். திசு ஐந்து மில்லி மீட்டருக்கு மேல் ஆழமாக வேரோடினால் அது ஆழமான வகை. குடலையும் சிறுநீர்க் குழாயையும் இறுக்கிப் பிடிக்கும் பொல்லாத வகை இது.

இது எங்கோ ஒருத்திக்கு வருகிற நோய் அல்ல. பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நம் தெருவிலும் இருக்க வேண்டும். நம் மகளின் வகுப்பிலும் இருக்க வேண்டும். எங்கே அவர்கள்? 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் இருக்கிறார்கள். 'ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்' என்று காத்திருந்து, பிள்ளையும் இல்லாமல் மலடி என்று பேர் வாங்கியவர்களில் இருக்கிறார்கள்.

'அதான் ஸ்கேன் இருக்கே, எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது' என்று நீங்கள் கேட்கலாம். நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

என் சின்ன நாத்தனாருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை. மாதாமாதம் வலியில் துடித்துப் போவாள். மூன்று ஊர்களில், மூன்று இடங்களில் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றிலும் வயிற்றின் மேல் ஜெல் தடவி, ஐந்தாறு நிமிடம் பார்த்து, 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எமனாக வந்தது. 'மெஷினே ஒண்ணும் இல்லைங்குது, இவ வேலைக்குப் பயந்து நடிக்கிறா' என்று அவள் புகுந்த வீட்டில் பேச்சாகிவிட்டது.

நாலாவதாகப் போன இடத்தில் ஒரு பெண் டாக்டர் அவளிடம், "ஏம்மா, அந்த மூணு நாள்ல மலம் கழிக்கும்போது குத்துற மாதிரி வலிக்குதா? வீட்டுக்காரரோட சேரும்போது ஆழத்துல வலி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி! அவளும் யாரிடமும் சொல்லாத விஷயம். பிறகு உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு சினைப்பையும் கருப்பைக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்ததும், ஒன்றில் சாக்லேட் கட்டி இருந்ததும், மலக்குடலின் மேல் ஒரு முடிச்சு இருந்ததும் தெரிந்தன. "அண்ணி, எனக்கு நோய் இருக்குன்னு சொன்னப்ப அழுகை வரலை. அப்பாடான்னு இருந்துச்சு" என்றாள். நோய் இருக்கிறது என்று கேட்டு ஒரு பெண் நிம்மதி அடைகிறாள் என்றால், அத்தனை வருஷம் எப்படி இருந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கே அவள் குணமாகிவிடவில்லை. இப்போதும் மருந்தில்தான் இருக்கிறாள். ஆனால் நடிக்கிறாள் என்ற பேர் அன்றோடு போயிற்று.

முதல் மூன்று ஸ்கேனும் பொய்யா என்றால், அதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். சீட்டில் 'வயிற்றுவலி' என்று மட்டும் எழுதி அனுப்பினால், அங்கே கிட்னியில் கல் இருக்கிறதா, குடல்வால் வீங்கியிருக்கிறதா, கருப்பையில் நார்க்கட்டி உண்டா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 'நார்மல்'. ஆழத்தில் ஒட்டிக் கிடக்கும் நோயைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் தேடவும் இல்லை.

இதைத் தேடுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 2016-ல் பல நாட்டு நிபுணர்கள் ஒன்றுகூடி, ஐடியா என்ற பெயரில் நாலு படிகளை வகுத்துக் கொடுத்தார்கள். முதல் படியில் கருப்பையையும் சினைப்பைகளையும் பார்த்து, சாக்லேட் கட்டி உண்டா என்று கவனிக்க வேண்டும். இரண்டாவது படியில் கருவியால் மெதுவாக அழுத்தி, எந்த இடத்தில் வலிக்கிறது என்று அந்தப் பெண்ணையே கேட்க வேண்டும். சினைப்பை நகர்கிறதா, ஒட்டிக் கொண்டதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது படி, கருப்பைக்குப் பின்னால் குடல் வழுக்கிக் கொண்டு போகிறதா என்று பார்ப்பது. எண்ணெய் தடவிய இரண்டு வாழையிலையை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தள்ளினால் எப்படி வழுக்கும்? ஆரோக்கியமான வயிற்றில் கருப்பையும் குடலும் அப்படித்தான் வழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால், உள்ளே ஒட்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம். நாலாவது படியில் குடல், சிறுநீர்ப்பை, கருப்பை நாண்கள், பிறப்புறுப்பின் பின்சுவர் என்று ஒவ்வோர் இடமாக முடிச்சுகளைத் தேட வேண்டும்.

இரண்டாவது படியைக் கவனித்தீர்களா? 'எங்கேம்மா வலிக்குது?' என்று கேட்பதே பரிசோதனையின் ஒரு பகுதி! பெண்ணின் வார்த்தையை நம்பினால்தான் இந்த ஸ்கேன் முழுமையாகும். வாய் பேசாமல் படுத்திருக்கிற நோயாளியும், பேசாமல் பார்த்து முடிக்கிற டாக்டரும் சேர்ந்தால் அது பாதி ஸ்கேன்தான். சிறுநீர்க் குழாயை இந்த நோய் இறுக்கினால் கிட்னி சத்தமில்லாமல் கெட்டுப்போகும். அதனால் ஆழமான வகை என்று சந்தேகம் வந்தால் கிட்னியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் இந்த நோயை உறுதி செய்ய முடியும் என்று சொல்லி வந்தார்கள். ஆபரேஷன் என்றதும் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஐரோப்பாவின் மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நோயைக் கண்டுபிடிக்க லேப்ராஸ்கோப்பிதான் இறுதி அளவுகோல் என்ற நிலை மாறிவிட்டது. ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதும், மருந்து கேட்காதபோதும் அல்லது பொருந்தாதபோதும்தான் அதற்குப் போக வேண்டும் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனையை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்கேனைப் பெரிதாகச் சொல்லி உங்களை ஏமாற்றவும் எனக்கு மனமில்லை. மலக்குடலில் ஆழமாக இறங்கிய முடிச்சு இருந்தால், பழகிய கையில் உள்வழி ஸ்கேன் நூற்றுக்குத் தொண்ணூறு பேரில் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கருப்பை நாண்களில் இருப்பதைப் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிக்கிறது. 2015, 2016-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுச் சொன்ன விவரம் இது. மேலாக வெறும் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருக்கும் வகை பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. ஆகவே ஸ்கேனில் இருக்கிறது என்றால் நம்பலாம். இல்லை என்றால் மட்டும் வலியைப் பொய் என்று சொல்லக்கூடாது. இதை மாமியார்களும் கணவன்மார்களும் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும்.

சரி, இத்தனை நல்ல கருவி நம் ஊர்ப் பக்கம் ஏன் இதற்குப் பயன்படவில்லை? ஸ்கேன் என்றாலே நமக்குப் பிள்ளைதான் ஞாபகம் வருகிறது. 'ஸ்கேன் எடுக்கப் போறேன்' என்றால், 'எத்தனை மாசம்?' என்றுதான் கேட்கிறார்கள். ஸ்கேன் சென்டர் வாசலிலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்ற போர்டுதான் கண்ணில் படும். 1994-ல் வந்து 1996 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி அந்த போர்டு வைத்தாக வேண்டும். பெண் சிசுவைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம் அது. பிறக்கப் போகிற பெண்ணுக்கு அத்தனை கவனம் கொடுத்தோம். பிறந்து, வயதுக்கு வந்து, வலியில் துடிக்கிற பெண்ணுக்கும் அதே கவனம் வேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். அல்ட்ராசவுண்ட் பெண்களுக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது பிள்ளையைக் காட்டி அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்டு என்று ஒரு மகப்பேறு டாக்டர் இருந்தார். பாய்லர் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒலிக் கருவியை 1955-ல் அவர் பெண்களின் வயிற்றுக் கட்டிகள் மேல் வைத்துச் சோதித்தார். கைவிட வேண்டிய புற்றுநோய் என்று மற்றவர்கள் முடிவு கட்டிய ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டிதான் என்று அந்தக் கருவி காட்டியது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958-ல் அவரும் நண்பர்களும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே வயிற்றுக் கட்டிகளை ஆராய்வது பற்றியதுதான். ஆக, பெண்ணின் வயிற்று நோயைக் கண்டுபிடிப்பது இந்த மெஷினுக்குப் புது வேலை இல்லை, பழைய வேலை!

அடுத்த தடை நம் கூச்சம். உள்வழி ஸ்கேன் என்றதும் பாதிப் பேர் எழுந்து வந்துவிடுகிறோம். உறை மாட்டிய மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பின் வழியாக வைத்துப் பார்ப்பதுதான் அது. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. வலி தாங்கவில்லை என்றால் நிறுத்தச் சொல்லலாம். 'பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும்' என்று கேட்பது நம் உரிமை. யாரும் கோபித்துக் கொள்ள முடியாது. கல்யாணமாகாத பெண்களுக்கு இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களுக்கு மூத்திரம் முட்ட வைத்து வயிற்றின் மேல் பார்ப்பது, எம்.ஆர்.ஐ. என்று வேறு வழிகள் இருக்கின்றன. 'கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று பதினாறு வயதுப் பெண்ணைப் பத்து வருஷம் காக்க வைப்பது மட்டும் பாவம்.

'எதற்கு இத்தனை பாடு? கர்ப்பப்பையை எடுத்துப் போட்டால் தீர்ந்தது' என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. குடலின் மேல் வேரோடிய முடிச்சு, கருப்பையை எடுத்தால் மட்டும் எப்படிப் போகும்? எடுத்த பிறகும் வலியோடு இருக்கிறவர்கள் உண்டு. தேவையில்லாமல் கருப்பை எடுக்கப்படுவது பற்றி உச்ச நீதிமன்றமே 2023-ல் கவலைப்பட்டு, மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கத்தியை எடுக்கும் முன் உள்ளே எங்கெங்கே என்ன ஒட்டியிருக்கிறது என்று வரைபடம் மாதிரி தெரிய வேண்டும். அந்த வரைபடத்தைக் கொடுப்பதுதான் ஒழுங்காக எடுத்த ஸ்கேன். ஆபரேஷன் தேவையா, மாத்திரையே போதுமா என்று முடிவு செய்யவும் அது உதவும்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

தினசரி காலண்டர் தாளைக் கிழித்து வீசாதீர்கள். வலி வந்த நாளின் தாளில், எங்கே வலித்தது, எந்த வேலை நின்றது, எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று பின்பக்கம் குறித்து வையுங்கள். மூன்று மாதத் தாளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போனால், டாக்டர் முன் நாக்கு ஒட்டிக் கொண்டாலும் தாள் பேசும். மலம் கழிக்கும்போது வலி, சிறுநீர் போகும்போது வலி, தாம்பத்தியத்தில் வலி, மாதவிலக்கு நாளில் மலத்தோடு ரத்தம் என்று எது இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நோய் ஆழத்தில் இருப்பதற்கு இவைதான் துப்பு. 'டாக்டர், இது எண்டோமெட்ரியோசிஸா இருக்குமா? சீட்டுல அப்படி எழுதிக் குடுங்க' என்று கேளுங்கள். ஸ்கேன் எடுக்குமிடத்தில், 'குடல் வழுக்குதான்னு பார்த்தீங்களா?' என்றும் கேட்டு வாருங்கள். படிக்காதவள் இதெல்லாம் கேட்கலாமா என்று தயங்காதீர்கள். பூ மார்க்கெட்டில் எடை சரியா என்று கேட்கிற வாய்தானே இது!

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். நம் மாவட்டத்துக்கு 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மெஷின் இருந்தால் மட்டும் போதாது, அந்த நாலு படியையும் செய்து பழகிய கை வேண்டும். ஸ்கேன் எடுக்கும் டாக்டர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுங்கள். கர்ப்பிணிகளின் நீண்ட வரிசைக்கு நடுவே ஒருத்திக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாதுதான். அதனால் வாரத்தில் ஒரு நாளை மாதவிலக்கு வலி உள்ளவர்களுக்கென்று தனியாக ஒதுக்குங்கள். கீரமங்கலத்திலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வருகிறவர்கள், வெறும் 'நார்மல்' சீட்டோடு திரும்பக் கூடாது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் பிடித்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தோடு பல வருஷம் போராடி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தன் வீட்டுப் பெண் பட்ட வேதனையை 'தலையெழுத்து' என்று அவர் விட்டுவிடவில்லை. கர்ப்பிணிகளுக்கான அரசு உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். கர்ப்பமே ஆக முடியாமல் வலியில் கிடக்கிற பெண்ணுக்கும் அவர் பெயரால் ஏதாவது செய்யக் கூடாதா?

சகோதரிகளே, உங்கள் மகள் 'அம்மா, வலிக்குது' என்று சொன்னால், 'நாங்கல்லாம் தாங்கலையா?' என்று மட்டும் கேட்காதீர்கள். நாம் தாங்கினோம் என்பதற்காக அவளும் தாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 'எங்கம்மா வலிக்குது, எப்படி வலிக்குது?' என்று கேளுங்கள். ஸ்கேன் அதற்கு அப்புறம்தான். என்ன, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி,
கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்.